லைசென்ஸ் இல்லாத சாஃப்ட்வேர்: சிறு நிறுவன முதலாளிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கோவையில் சிறு பட்டறைகளுக்கும் அலுவலகங்களுக்கும் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறேன். கணபதி பக்கம் சி.என்.சி. பட்டறை வைத்திருக்கும் ஒருவர் ஒருநாள் காலையில் பதறிப்போய்க் கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் மேஜைமேல் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியின் வக்கீல் நோட்டீஸ். பட்டறையின் பெயர், பட்டறை மின்னஞ்சலின் டொமைன், நான்கு கம்ப்யூட்டர்களின் மேக் முகவரி (ஒவ்வொரு கம்ப்யூட்டரின் நெட்வொர்க் கார்டுக்கும் உள்ள தனி அடையாள எண்), டிசைன் சாஃப்ட்வேரை எந்தெந்தத் தேதியில் திறந்தார்கள் என்ற பட்டியல், எல்லாம் அதில் இருந்தன. "நான் கம்ப்யூட்டரைத் தொட்டதே இல்லைங்க. சர்வீஸ் பையன் போட்டுக் கொடுத்தான், டிசைனர் ஓட்டுறான். என் மேல எப்படிங்க கேஸ் வரும்?" என்று கேட்டார். அதற்குப் பிறகு பல முதலாளிகள் என்னிடம் கேட்டதையும், வக்கீல்களோடு உட்கார்ந்து நான் தெரிந்துகொண்டதையும் சேர்த்து இங்கே எழுதியிருக்கிறேன். நான் வக்கீல் அல்ல. நோட்டீஸ் கையில் வந்துவிட்டால் வக்கீலைப் பார்த்தே ஆக வேண்டும்.

போட்டுக் கொடுத்தது சர்வீஸ் பையன். முதலாளி எப்படிப் பொறுப்பாவார்?

நம் நாட்டில் சாஃப்ட்வேருக்குப் பாதுகாப்பு தருவது 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம். கதை, கட்டுரை போலக் கம்ப்யூட்டர் புரோகிராமும் அந்தச் சட்டத்தில் ஓர் "இலக்கியப் படைப்பு". வெளிநாட்டுக் கம்பெனியின் சாஃப்ட்வேருக்கும் இங்கே அதே பாதுகாப்பு உண்டு. இந்தியாவில் பதிவு செய்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

காப்பி எடுத்து விற்பவனை மட்டும்தான் சட்டம் பிடிக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். பிரிவு 63பி அப்படிச் சொல்லவில்லை. திருட்டுக் காப்பி என்று தெரிந்தே ஒரு புரோகிராமைக் கம்ப்யூட்டரில் பயன்படுத்துவதே அதன்படி குற்றம். உங்கள் பட்டறையில், உங்கள் வேலைக்காக அது ஓடுகிறது என்றால் பயன்படுத்துவது நீங்கள்தான்.

அடுத்தது பிரிவு 69. கம்பெனி குற்றம் செய்தால், அந்தச் சமயத்தில் தொழிலை நடத்தும் பொறுப்பில் இருந்த ஒவ்வொருவரும் குற்றவாளி என்கிறது அது. "கம்பெனி" என்ற சொல் பார்ட்னர்ஷிப்பையும் சேர்த்தே குறிக்கும் என்று அந்தப் பிரிவின் விளக்கத்திலேயே இருக்கிறது. பார்ட்னர்களுக்கு டைரக்டர்களின் நிலைதான். தனி முதலாளியாக இருந்தால் கேள்வியே இல்லை, நிறுவனம் வேறு நீங்கள் வேறு என்று பிரிக்கவே முடியாது.

சர்வீஸ் பையனும் தப்ப மாட்டான். மீறுவதும் குற்றம், மீறுவதற்கு உடந்தையாக இருப்பதும் குற்றம் என்று பிரிவு 63 சொல்கிறது. ஆனால் அவன் மாட்டிக்கொள்வதால் உங்கள் பொறுப்பு குறைந்துவிடாது.

எனக்கு உண்மையிலேயே தெரியாது. அது போதாதா?

குற்ற வழக்கில் "தெரிந்தே" என்ற சொல்லுக்கு எடை அதிகம். தனக்குத் தெரியாமல் நடந்தது, அல்லது நடக்காமல் தடுக்கத் தேவையான கவனம் முழுவதையும் எடுத்துக்கொண்டேன் என்று நிரூபிக்கும் பொறுப்பாளருக்கு பிரிவு 69 விலக்கு தருகிறது. நிரூபிக்க வேண்டியவர் நீங்கள். வாயால் சொன்னால் போதாது.

நடைமுறையில் பாருங்கள். லட்சக்கணக்கில் விலையுள்ள டிசைன் சாஃப்ட்வேர் உங்களிடம் ஓடுகிறது. கணக்குப் புத்தகத்தில் அதற்கு ஒரு பில்லும் இல்லை. சிஸ்டத்தில் ஆன்டிவைரஸை அணைத்து வைத்திருக்கிறது, டவுன்லோட் ஃபோல்டரில், லைசென்ஸ் பூட்டை உடைக்கும் கிராக் ஃபைல் அப்படியே கிடக்கிறது. இதையெல்லாம் வைத்துக்கொண்டு "தெரியாது" என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். நோட்டீஸ் கையில் வந்த நாளுக்குப் பிறகு அந்தச் சொல்லுக்குச் சுத்தமாக இடமில்லை.

வேலையாட்களிடம் எழுத்தில் கையெழுத்து வாங்கியிருக்கிறீர்கள், அட்மின் பாஸ்வேர்டு ஒருவரிடம் மட்டும் இருக்கிறது, வாங்கியதற்கெல்லாம் பில் இருக்கிறது, அதையும் மீறி ஒருவன் எதையோ ஏற்றிவிட்டான் என்றால் கதை வேறு. அப்போது உங்கள் வக்கீலுக்குக் காட்ட ஏதாவது இருக்கும்.

தண்டனை எவ்வளவு?

பிரிவு 63பி-இன்படி குறைந்தது 7 நாள், அதிகபட்சம் 3 ஆண்டு சிறை. கூடவே 50,000 ரூபாயிலிருந்து 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். தொழிலுக்காகவோ லாபத்துக்காகவோ பயன்படுத்தவில்லை என்றால், தக்க சிறப்புக் காரணம் காட்டி, சிறை இல்லாமல் 50,000 ரூபாய் வரை அபராதத்தோடு கோர்ட் விட்டுவிடலாம். வீட்டில் பிள்ளை விளையாட்டுக்குப் போட்டுக்கொண்டதற்கு அந்தச் சலுகை கிடைக்கலாம். பட்டறைக்கும் பிரஸ்ஸுக்கும் கிடைக்காது.

காப்பி எடுப்பது, பத்து சிஸ்டத்தில் ஏற்றுவது போன்றவை பிரிவு 63-க்குள் வரும். அதில் சிறை 6 மாதத்திலிருந்து 3 ஆண்டு, அபராதம் அதே அளவு. ஒருமுறை தண்டனை பெற்று மறுபடியும் மாட்டினால் 63ஏ-இன்படி குறைந்தபட்ச சிறை ஓர் ஆண்டு, குறைந்தபட்ச அபராதம் 1 லட்சம்.

பிரிவு 63 குற்றத்துக்குப் போலீஸ் நேரடியாக எஃப்ஐஆர் போடலாம், அது ஜாமீனில் விடமுடியாத குற்றம் என்று 2022 மே மாதம் நிட் ப்ரோ வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 63பி-இன் உச்ச தண்டனையும் அதே 3 ஆண்டுதான். இதைக் கேட்டு அன்றைக்கே உள்ளே தள்ளிவிடுவார்கள் என்று அலற வேண்டாம். 7 ஆண்டு வரை தண்டனையுள்ள குற்றங்களில் யோசிக்காமல் கைது செய்யக்கூடாது, முதலில் ஆஜராகச் சொல்லி நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்று 2014-இல் அர்னேஷ் குமார் வழக்கில் அதே நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்த நோட்டீஸ் வந்தால் தவறாமல் ஆஜராகுங்கள்.

சிவில் வழக்கு தனி. பிரிவு 55-இன்படி தடையாணை, நஷ்டஈடு, அந்த சாஃப்ட்வேரை வைத்துச் சம்பாதித்த லாபத்துக்குக் கணக்கு, மூன்றையும் கேட்கலாம். ஒரு லைசென்ஸின் விலை, எத்தனை சிஸ்டம், எத்தனை வருடம் என்று பெருக்கிக்கொண்டு, அதன்மேல் வழக்குச் செலவையும் வைத்துத்தான் வருவார்கள். சிறு நிறுவனத்தை முறிப்பது பெரும்பாலும் இந்தத் தொகைதான். அபராதத்தை எப்படியோ கட்டிவிடலாம்.

என் பட்டறைக்குள் ஓடுவது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

பெரிய டிசைன் சாஃப்ட்வேர்களில், காப்பி திருத்தப்பட்டதா என்று கண்டுபிடித்து, இன்டர்நெட் கிடைக்கும்போது கம்பெனிக்குத் தகவல் அனுப்பும் ஏற்பாடு உள்ளேயே இருக்கும். கிராக் போட்டவன் லைசென்ஸ் பூட்டை உடைத்திருப்பான், இதைத் தொட்டிருக்க மாட்டான். கணபதி பட்டறைக்கு வந்த நோட்டீஸில் இருந்த பட்டியல் அப்படி வந்ததுதான். நெட் கேபிளைக் கழற்றிவிட்டு ஓட்டினால் போதும் என்று டிசைனர் நம்பியிருந்தார். கஸ்டமருக்கு டிராயிங் அனுப்ப ஒருநாள் ஐந்து நிமிடம் செருகினாலே போய்ச் சேர்ந்துவிடும்.

இன்னொரு வழி, மனக்கசப்போடு வேலையை விட்டுப்போன ஆள். பிஎஸ்ஏ என்ற சாஃப்ட்வேர் கம்பெனிகளின் கூட்டமைப்பு தகவல் கொடுப்பவருக்குப் பரிசு அறிவித்து ஊக்குவித்திருக்கிறது.

கம்ப்யூட்டர் வாங்கும்போதே விண்டோஸ் போட்டுத்தான் கொடுத்தார்கள். அது ஒரிஜினல்தானே?

இதைத்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள், அதிகம் பேர் ஏமாறுவதும் இதில்தான். செட்டிங்ஸ் போய் ஆக்டிவேஷன் பக்கத்தைத் திறந்து பாருங்கள். "டிஜிட்டல் லைசென்ஸ்" மூலம் ஆக்டிவேட் ஆகியிருக்கிறது என்று வந்தால் முதல் படி சரி. "உங்கள் நிறுவனத்தின் ஆக்டிவேஷன் சேவை" மூலம் ஆனது என்று வந்தால் உஷாராகுங்கள். நூற்றுக்கணக்கான சிஸ்டம் உள்ள பெரிய கம்பெனிகள் சொந்த சர்வர் வைத்து ஆக்டிவேட் செய்யும் முறை அது. மூன்று சிஸ்டம் உள்ள மளிகை மொத்த வியாபாரிக்கு அப்படி ஒரு சர்வர் எங்கிருந்து வரும்? கிராக் கருவி அப்படி ஒரு சர்வர் இருப்பதாக விண்டோஸை நம்ப வைத்திருக்கிறது. அந்த ஆக்டிவேஷன் 180 நாள்தான் நிற்கும். அதனால் கருவி பின்னணியில் ஓடிக்கொண்டே இருந்து தானாகப் புதுப்பிக்கும். உங்கள் அக்கவுண்ட்ஸ் இருக்கும் சிஸ்டத்துக்குள் யாரோ முகம் தெரியாதவன் எழுதிய புரோகிராம் அட்மின் உரிமையோடு நாள் முழுக்க உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். என் பயம் சட்டத்தைவிட இதில்தான் அதிகம். கிராக் வழியே வந்த ரேன்சம்வேர், மூன்று வருட டேலி டேட்டாவைப் பூட்டிவிட்டு டாலரில் பணம் கேட்டதை ஒரு நூல் வியாபாரியின் அலுவலகத்தில் நேரில் பார்த்திருக்கிறேன். பேக்கப் எடுத்த பென்டிரைவும் அப்போது அதே சிஸ்டத்தில்தான் செருகியிருந்தது.

அசெம்பிள்டு சிஸ்டம் வாங்கினால் பில்லில் பிராசசர், ரேம், எஸ்எஸ்டி போலவே விண்டோஸும் ஒரு தனி வரியாக, விலையோடு இருக்க வேண்டும். அந்த வரி இல்லையென்றால் ஒரிஜினல் விண்டோஸ் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். பிராண்டட் கம்ப்யூட்டரோடு வரும் விண்டோஸ் அந்த மெஷினுக்கே உரியது. பழைய லேப்டாப்பைத் தூக்கிப்போட்டுவிட்டு அதன் கீயை, அதாவது ஆக்டிவேட் செய்யும் குறியீட்டை, புதியதற்கு மாற்ற முடியாது.

ஆன்லைனில் 500 ரூபாய்க்குக் கீ கிடைக்கிறதே?

கீ வேறு, லைசென்ஸ் வேறு. ஏதோ ஒரு கம்பெனியோ கல்லூரியோ மொத்தமாக வாங்கிய கீயைப் பிரித்து விற்பவர்கள்தான் அந்த விலைக்குக் கொடுக்க முடியும். இன்றைக்கு ஆக்டிவேட் ஆகும். பயன்படுத்தும் உரிமை உங்களுக்கு வந்துவிட்டது என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. ஜிஎஸ்டி எண்ணோடு, உங்கள் நிறுவனப் பெயருக்கு பில் தருவாரா என்று கேளுங்கள். பெரும்பாலும் அதோடு பேச்சு முடிந்துவிடும்.

ஒரு டேலி வாங்கி நாலு சிஸ்டத்தில் ஓட்டலாமா?

சில்வர் வாங்கினால் ஒருவருக்கு, கோல்டு வாங்கினால் ஒரே அலுவலக நெட்வொர்க்கில் பலருக்கு. சில்வர் ஒன்று வைத்துக்கொண்டு மற்ற மூன்றில் கிராக் போடுவது, நான்கிலும் கிராக் போடுவதைவிடப் பெரிதாக நல்லதில்லை. லைசென்ஸ் வாங்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்திருந்தது என்று அந்த ஒரு பில்லே காட்டிக்கொடுக்கும். லைசென்ஸ் இல்லாமல் கல்விப் பயன்முறையில் திறந்தால் மாதத்தின் 1, 2, 31 தேதிகளில் மட்டும்தான் என்ட்ரி போட முடியும். மாத வியாபாரம் முழுவதையும் 1, 2 தேதிகளில் போட்டு வைத்திருந்த கணக்கைப் பார்த்திருக்கிறேன். ஆடிட்டரிடம் அது வேறு சிக்கலைக் கொண்டுவரும்.

முறையாக வாங்கிய சாஃப்ட்வேருக்குப் பாதுகாப்புக்காக ஒரு பேக்கப் காப்பி எடுத்து வைக்கப் பிரிவு 52 அனுமதிக்கிறது. அதை இன்னொரு சிஸ்டத்தில் ஏற்றி ஓட்டினால் பேக்கப் என்று சொல்ல முடியாது.

இலவசமாக டவுன்லோட் செய்தது. அதற்குமா?

இலவசம் என்றால் யாருக்கு இலவசம் என்று பாருங்கள். தூரத்திலிருந்து இன்னொரு கம்ப்யூட்டரை இயக்க உதவும் டீம்வியூவர் சொந்த உபயோகத்துக்கு இலவசம். அலுவலகத்தில் பயன்படுத்தினால் வணிகப் பயன்பாடு என்று சந்தேகித்து இணைப்பை வெட்டிவிடும். எம்எஸ் ஆபிஸில் "ஹோம் அண்ட் ஸ்டூடன்ட்" பதிப்பு வீட்டுக்கும் படிப்பவர்களுக்கும் உரியது. கடையில் காசு கொடுத்து வாங்கியிருந்தாலும் தொழிலுக்கு அதில் கொட்டேஷன் அடிக்கும் உரிமை அந்த லைசென்ஸில் இல்லை. பட்டறையில் சேர்ந்த டிப்ளமோ பையன் கல்லூரி மின்னஞ்சலில் எடுத்த ஆட்டோகேட் மாணவர் பதிப்பில் கஸ்டமர் டிராயிங் போடுவதும் அப்படித்தான். ஃபைல்களைச் சுருக்கும் வின்ரார் 40 நாள் டிரையல்தான், அதற்குப் பிறகும் திறக்கும் என்பது அனுமதி ஆகாது. அதற்குப் பதில் 7-ஸிப் போட்டுக்கொள்ளுங்கள்.

பிரஸ் வைத்திருக்கிறேன். ஃபாண்டுக்கும் லைசென்ஸ் வேண்டுமா?

வேண்டும். கோரல்டிரா, ஃபோட்டோஷாப் பற்றியாவது யோசிக்கிறார்கள். கல்யாணப் பத்திரிகைக்குப் போடும் தமிழ் ஃபாண்டைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. ஒரு எழுத்தின் சுழியை, கொம்பை, துணைக்காலை மாதக்கணக்கில் உட்கார்ந்து வரைந்தவர் ஒருவர் இருக்கிறார். அவருக்கு ஒரு பைசா போகாமல் அந்த ஃபாண்ட் சிடியிலிருந்து சிடிக்கும், பென்டிரைவிலிருந்து பென்டிரைவுக்கும் போய்த் தமிழ்நாடு முழுக்க ஃபிளெக்ஸ் பேனரில் நிற்கிறது. தமிழில் புதிதாக நல்ல எழுத்துருக்கள் அதிகம் வராததற்கு இதுவும் ஒரு காரணம் என்று நான் நினைக்கிறேன்.

நோட்டோ சான்ஸ் தமிழ், கட்டமரன், முக்தா மலர் போன்றவை திறந்த உரிமத்தில் வெளிவந்தவை. பேனர், பத்திரிகை, புத்தகம் என்று தொழிலுக்குத் தாராளமாகப் போடலாம். ஃபாண்டை மட்டும் தனியாக விற்கக்கூடாது.

நோட்டீஸ் வந்துவிட்டது. முதலில் என்ன செய்வது?

எதையும் அழிக்காதீர்கள். எல்லோரும் முதலில் செய்யத் துடிப்பது சிஸ்டத்தை ஃபார்மேட் அடிப்பதைத்தான். அவர்களிடம் தேதி, மேக் முகவரியோடு பட்டியல் இருக்கிறது. நீங்கள் அழித்தால் பழைய தவறு மறையாது, சாட்சியத்தை அழித்தார் என்ற புதுக் குற்றச்சாட்டு மேலே ஏறும். அந்த சாஃப்ட்வேரைப் பயன்படுத்துவதை நிறுத்துங்கள், சிஸ்டத்தை அப்படியே வையுங்கள், வக்கீலைப் பாருங்கள்.

பிறகு வந்தது என்ன என்று பிரித்துப் பாருங்கள். வக்கீல் நோட்டீஸா, விற்பனை ஆள் அனுப்பிய "லைசென்ஸ் சரிபார்ப்பு" மின்னஞ்சலா? இரண்டாவது வகை நிறைய வருகிறது. உங்களிடம் உள்ள எல்லா சிஸ்டத்தையும் ஒரு எக்செல் தாளில் நிரப்பி அனுப்பச் சொல்வார்கள். கோர்ட் உத்தரவு இல்லாமல் உள்ளே வந்து சோதனை போடும் உரிமை அவர்களுக்குக் கிடையாது. நீங்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில், அவர்கள் சரிபார்க்கலாம் என்ற ஆடிட் விதி இருந்தால் அந்த அளவுக்கு மட்டும் கட்டுப்பட்டவர். பயந்துபோய் அன்றிரவே தாளை நிரப்பி அனுப்பினால் உங்களுக்கு எதிரான வாக்குமூலத்தை நீங்களே எழுதிக் கொடுத்தது போலாகும். அதற்காகப் பொய்யாக நிரப்பவும் கூடாது.

தவறே செய்யாதவரை ஆதாரம் இல்லாமல் மிரட்டினால், பிரிவு 60-இன்படி நீங்களே கோர்ட்டுக்குப் போய் அந்த மிரட்டலை நிறுத்தக் கேட்கலாம். பில் கையில் இருப்பவருக்கு மட்டும்தான் இந்த வழி.

தவறு இருந்தால் பேசி முடிப்பதுதான் நல்லது, பெரும்பாலான வழக்குகள் அப்படித்தான் முடிகின்றன. எதிர்காலத்துக்கு லைசென்ஸ் வாங்கிக்கொள்வது, பழையதற்கு ஒரு தொகை கொடுப்பது என்று பேச்சு போகும். கணபதிக்காரருக்கும் அப்படித்தான் முடிந்தது. நான்கு சிஸ்டத்துக்குக் கேட்டார்கள். உண்மையில் டிசைன் வேலை நடந்தது இரண்டில்தான் என்பதை வேலைப் பதிவேட்டை வைத்து வக்கீல் காட்டினார், தொகை குறைந்தது. கையெழுத்துப் போடும் முன் ஒரு வரியைத் தேடுங்கள்: இன்றுவரையிலான பயன்பாட்டுக்காக இனிச் சிவில், குற்ற வழக்கு எதுவும் தொடர மாட்டோம் என்று அவர்கள் எழுதித் தர வேண்டும். அது இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே எஃப்ஐஆர் போட்டிருந்தால் இருவரும் சமாதானமாகிவிட்டோம் என்று சொன்னால் மட்டும் அது முடியாது. உயர் நீதிமன்றத்தில் மனுப் போட்டு ரத்து செய்ய வேண்டும்.

வாசலில் ஆட்களே வந்து நின்றால்?

யார் என்று கேளுங்கள். கோர்ட் தன் சார்பில் சோதித்துப் பார்க்க நியமித்த லோக்கல் கமிஷனராக இருந்தால் உத்தரவின் நகலைக் காட்டச் சொல்லி, வாங்கிப் படித்துவிட்டு உள்ளே விடுங்கள். முன்கூட்டிச் சொன்னால் நொடியில் அழித்துவிடலாம் என்பதால், எதிர்த்தரப்பைக் கேட்காமலே இப்படிக் கமிஷனரை அனுப்பலாம் என்று 2008-இல் ஆட்டோடெஸ்க் வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் விளக்கியிருக்கிறது. தடுத்தால் நீங்கள் மோதுவது கோர்ட்டோடு. உத்தரவில் எந்த சாஃப்ட்வேர், எந்த முகவரி என்று இருக்கும், அதற்குள்தான் பார்க்க முடியும்.

போலீஸாக இருந்தால் பிரிவு 64-இன்படி சப்-இன்ஸ்பெக்டரும் அதற்கு மேற்பட்டவரும் வாரன்ட் இல்லாமலே திருட்டுக் காப்பிகளைக் கைப்பற்றலாம். எடுத்தது எல்லாம் மகஜரில் (கைப்பற்றியதைப் பதிவு செய்யும் தாளில்) வந்திருக்கிறதா, சிபியுவின் சீரியல் நம்பர் சரியா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். கைப்பற்றிய 15 நாளுக்குள், அதைத் திருப்பித் தரக் கேட்டு மாஜிஸ்திரேட்டிடம் மனுக் கொடுக்கலாம். இந்த 15 நாளைப் பலர் கோட்டை விடுகிறார்கள்.

இப்போது லைசென்ஸ் வாங்கிவிட்டால் பழையது போய்விடுமா?

போகாது. ஆனால் நோட்டீஸ் வருவதற்கு முன்பே தானாகச் சரிசெய்துகொண்டவரும், வந்த பிறகு ஓடியவரும் பேச்சுவார்த்தையில் ஒன்றல்ல.

டிசைனர் சொந்த லேப்டாப் கொண்டுவருகிறார். அதுவும் என் தலையிலா?

உங்கள் வேலை அதில் நடக்கிறது, உங்களுக்குத் தெரிந்தே நடக்கிறது என்றால் ஆம். சம்பளத்தோடு லைசென்ஸ் செலவையும் பேசி முடித்து, எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இத்தனைக்கும் பணத்துக்கு எங்கே போவது?

எல்லாவற்றுக்கும் பணம் வேண்டாம். கடிதம், கொட்டேஷன், ஸ்டாக் பட்டியல் மட்டும் போடும் சிஸ்டத்துக்கு லிப்ரே ஆபிஸ் தாராளமாகப் போதும். பேனர் கடைக்கு இன்க்ஸ்கேப், கிம்ப். பழக இரண்டு வாரம் முனகுவார்கள், பிறகு கை வந்துவிடும். கஸ்டமரின் 3டி ஃபைலைத் திறந்து அளவு பார்க்க மட்டும்தான் வேண்டுமென்றால் ஸ்டெப் (STEP) என்ற பொது வடிவ ஃபைலாக அனுப்பச் சொல்லி, ஃப்ரீகேட் என்ற இலவச சாஃப்ட்வேரில் திறக்கலாம். ஐந்து சிஸ்டத்தில் கிராக் ஓடும் பட்டறைக்கு உண்மையில் ஒன்று அல்லது இரண்டு டிசைன் லைசென்ஸ்தான் தேவைப்படும். அதையும் மாத, வருடச் சந்தாவாக வாங்கலாம். கட்டும் 18 சதவீத ஜிஎஸ்டியை, பதிவு செய்தவரானால், உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம்.

எங்கிருந்து தொடங்குவது?

ஒரு நாற்பது பக்க நோட்டிலிருந்து. ஒரு சிஸ்டத்துக்கு ஒரு பக்கம். மேலே சீரியல் நம்பர், யார் உட்காருகிறார்கள் என்பது. கீழே அதில் இருக்கும் சாஃப்ட்வேர் ஒவ்வொன்றும் ஒரு வரி, எதிரே பில் நம்பர், தேதி. இலவசம் என்றால் எந்த உரிமத்தில் இலவசம் என்று எழுதுங்கள். எதிரே எழுத ஒன்றும் இல்லாத வரிகளைச் சிவப்பு மையில் வட்டமிடுங்கள். பக்கத்துத் தெரு ஆஃப்செட் பிரஸ் அண்ணாச்சியின் நோட்டில் முதல் நாள் 23 வட்டம் இருந்தது. அதில் 14 யாரும் திறக்காத சாஃப்ட்வேர்கள், அன்றைக்கே எடுத்துவிட்டோம். ஆறுக்கு இலவச மாற்று கிடைத்தது. மூன்றுக்குத்தான் காசு செலவானது.

அந்த நோட்டையும் பில்களையும் ஒரே ஃபைலில் போட்டு, ஜிஎஸ்டி சான்றிதழ் இருக்கும் அதே பீரோவில் வைத்திருக்கிறார்.